அறுபது வயதில் கையில்லாத ரவிக்கை: ஒரு தையல்காரியின் அனுபவம்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். வருகிற பெண்களில் பாதிக்கு மேல் ஐம்பதைத் தாண்டியவர்கள். கமுனிங், எல்பில் என்று சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள், புல்லுக்கு மருந்து அடித்தவர்கள், ஆயாக்கொட்டகையில் அடுத்தவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள். கித்தா என்கிற ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் என்கிற தோட்டத்து வரிசை வீடுகள் காலியான பிறகு டவுனைச் சுற்றியுள்ள தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புகளுக்கு, குடிவந்தவர்கள். இவர்கள் அளவு கொடுக்கும்போது ஒன்றைத் தொடர்ந்து பார்க்கிறேன். "கை வேணாம்மா, கையில்லாம தை" என்று சொல்ல வேண்டிய இடம் வந்ததும் குரல் இறங்கிவிடும். கடையில் வேறு யாராவது நின்றால் அதைச் சொல்லவே மாட்டார்கள். "பழைய அளவே போடு" என்று சொல்லிவிட்டுப் போய், சாயங்காலம் போன் பண்ணி மாற்றச் சொல்வார்கள். ஏதோ தப்புக் காரியத்துக்குத் துணைக்கு அழைப்பது போல இருக்கும் அந்தக் குரல். அவர்கள் கேட்பது ஒரு சட்டை.

வயதான பெண் உடம்பு தெரிகிற மாதிரி உடுத்தினால் நம் ஆட்களுக்கு ஏன் இத்தனை கோபம் வருகிறது, வீட்டிலும் வெளியிலும் அதை எப்படிச் சமாளிப்பது என்பதைக் கடையில் கேட்டதையும் சிலருக்குக் கூட நின்று பார்த்ததையும் வைத்து எழுதுகிறேன்.

'உடம்பு தெரிகிற மாதிரி' என்றால் எவ்வளவு என்பதை முதலில் அளவு நாடாவை வைத்தே சொல்கிறேன். சாதாரண சேலை ரவிக்கையின் உயரம் தோளிலிருந்து 14 அல்லது 15 அங்குலம். அதற்குக் கீழே கொசுவம் செருகும் இடம் வரைக்கும் நாலைந்து அங்குலம் இடுப்பும் வயிறும் வெளியே தெரியும். பின்கழுத்தை 7 அங்குலம் இறக்கினால் முதுகில் பாதி தெரியும். கை 5 அங்குலம்தான். இதை உடுத்திக்கொண்டு எழுபது வயதுப் பாட்டி கோயிலுக்கு வந்தால் "மகாலட்சுமி மாதிரி இருக்கீங்க" என்று காலில் விழுவார்கள். அதே பாட்டி கையில்லாத டீசட்டையும் முட்டி வரைக்கும் ஒரு சிலுவாரும் (கால்சட்டை) போட்டுக்கொண்டு திடலைச் சுற்றி நடந்தால் முதுகு, வயிறு, இடுப்பு மூன்றும் முழுக்க மூடியிருக்கும். கூடுதலாகத் தெரிவது மேல்கையில் அந்த 5 அங்குலமும் கெண்டைக்காலும். அதற்குத்தான் "வயசான காலத்துல இது தேவையா?" என்ற கேள்வி. தோலைக் கணக்குப் பார்த்தால் சேலையில் தெரிவதுதான் அதிகம். ஊருக்குப் பொறுக்காதது தோலாக இருந்தால் முதலில் சேலையைத்தான் திட்டியிருக்க வேண்டும்.

நைட்டியையும் பாருங்கள். மெல்லிய துணி. வெயிலில் நின்றால் உள்ளே இருப்பது நிழலாகத் தெரியும். ஆனால் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் போதும், ஒட்டுக்கடை வரைக்கும் போய் ரொட்டி வாங்கலாம், பேரனைப் பள்ளி வேனில் ஏற்றிவிடலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நைட்டியில் இருக்கும் பெண் வீட்டு வேலையில் இருக்கிறாள், யாருக்காகவோ ஓடிக்கொண்டிருக்கிறாள் என்று ஊர் எடுத்துக்கொள்கிறது. சிலுவார் போட்டு நடக்கப் போகிறவள் தனக்காகப் போகிறாள். பிள்ளை வளர்த்து, பேரப்பிள்ளை வளர்த்து முடித்தவளுக்கு இன்னும் தனக்கென்று ஓர் ஆசை பாக்கி இருக்கிறது என்பது அந்த உடுப்பில் தெரிந்துவிடுகிறது. என் கண்ணுக்கு, இங்கே உறுத்துவது அதுதான்.

"நம்ம கலாச்சாரத்துல இதெல்லாம் இல்ல" என்பவர்கள் தங்கள் பாட்டிமாரின் பழைய படங்களை எடுத்துப் பார்க்க வேண்டும். என் அம்மாவைப் பெற்ற பாட்டி ரவிக்கையே போட்டதில்லை. பின்கொசுவம் வைத்துக் கட்டி, முந்தானையை மாருக்குக் குறுக்கே இழுத்துச் செருகியிருப்பார். 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்துவதற்கு முன்னால் கப்பலேறி வந்த தலைமுறையில் நிறையப் பெண்கள் அப்படித்தான் உடுத்தினார்கள். வேலைக்குப் போகும்போது மட்டும் கொசுக்கடிக்காகத் தாத்தாவின் பழைய முழுக்கைச் சட்டையை மேலே மாட்டிக்கொள்வாராம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றி எறிவார். எந்த இடத்துக்கு எது தேவையோ அதைப் போட்டார், அவ்வளவுதான்.

லயத்துப் பொதுக்குழாயை நானே பார்த்திருக்கிறேன். பெண்கள் கைலியை மாருக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு வெட்டவெளியில் குளிப்பார்கள். தோள், முதுகு, கால் எல்லாம் தெரியும். வேலை வாங்கும் மண்டோரும் கணக்கு எழுதும் கிராணியும் அந்த வழியாகத்தான் போவார்கள். பாட்டிமார் ஈரக் கைலியோடு நின்று அவர்களிடம் சம்பள விஷயம் பேசிவிட்டுத்தான் நகர்வார்கள். வெட்கங்கெட்டவள் என்று ஒருவரும் சொன்னதில்லை. தாமானுக்கு வந்து, வேலி போட்டு, கேட்டைப் பூட்டிய பிறகுதான் இந்தப் பேச்செல்லாம் வந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை போடக்கூடாது என்று மேல்சாதிக்காரர்கள் தடுத்தார்கள். பல வருடம் அடியும் உதையும் பட்டுப் போராடி, 1859இல் அரச ஆணை வந்த பிறகுதான் அந்தப் பெண்கள் மேலுடம்பை மூட முடிந்தது. மூடாதே என்று சொன்னதும் அடுத்தவர்கள், மூடு என்று சொல்வதும் அடுத்தவர்கள்.

இனி, எங்கள் தாமானில் நடந்ததைச் சொல்கிறேன். என் வாடிக்கையாளர் ஓர் அக்கா. அறுபதைத் தாண்டியவர். ஆயாவாக இருந்தவர். கணவர் போய்ப் பல வருடம் ஆகிறது. இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருக்கிறது. நம்மவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்லியாக வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். கிளினிக்கில் அக்காவைத் தினமும் நடக்கச் சொன்னார்கள். முதலில் பஞ்சாபி சூட்டோடு நடந்தார். வேர்வையில் துணி ஒட்டி, தொடை உரசிப் புண்ணாகிவிட்டது. இனிப்பு நீர்க்காரர்களுக்குச் சின்னப் புண்ணே பெரிய பயம். "பருத்தியில கையில்லாம ஒரு மேல்சட்டை, முட்டிக்குக் கீழ வராத மாதிரி ஒரு சிலுவார் தைச்சுக் குடும்மா" என்றார். தைத்துக் கொடுத்தேன். புண் ஆறியது. அக்கா தினமும் நடந்தார்.

யாரோ ஒரு பையன் பின்னாலிருந்து அவரைப் படம் எடுத்துத் தாமான் வாட்சாப் குழுவில் போட்டுவிட்டான். கீழே வரிசையாகச் சிரிப்புப் படங்கள். "பாட்டிக்கு ஆசையப் பாரு." ஒருவர் இன்னும் ஒரு படி போய், "தாலி இல்லாதவளுக்கு இதெல்லாம் யாருக்குக் காட்ட?" என்று எழுதியிருந்தார். ஈப்போவில் வேலை செய்யும் மகனுக்கு அந்தப் படம் யார் மூலமோ போய்ச் சேர்ந்தது. அன்று இரவே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து அக்கா வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

அந்தக் குழுவில் நானும் இருந்தேன். அப்போது செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவலாம். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். படம், அதைப் போட்டவர் எண், நேரம், கீழே எழுதியவர்கள் எல்லாம் தெரிகிற மாதிரி. பலர் கோபத்தில் உடனே "அழி, அழி" என்று கத்திவிடுகிறார்கள். அவன் அழித்துவிட்டால் கையில் ஆதாரம் இருக்காது. அடுத்து குழு அட்மினைக் கூப்பிட்டேன். யார் போட்ட பதிவானாலும் அட்மினால் எல்லாருடைய போனிலிருந்தும் நீக்க முடியும். நிறைய அட்மின்களுக்கே இது தெரியாது. மூன்றாவதாகப் படம் போட்ட பையனோடு பேசினேன். குழுவில் எழுதவில்லை, போனில் பேசினேன். குழுவில் எழுதியிருந்தால் நாலு பேர் அவன் பக்கம் சேர்ந்துகொண்டு விஷயம் இன்னும் பரவியிருக்கும். "சும்மா விளையாட்டுக்கு எடுத்தேன் அக்கா" என்றான். "முன்னால வந்து கேட்டு எடுத்திருந்தா விளையாட்டு தம்பி. நீ பின்னாலருந்து எடுத்திருக்க" என்றேன். பதில் வரவில்லை. படத்தைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டான். தன் போனிலும் அழித்துவிட்டதாகச் சொன்னான்.

பேச்சில் தீராவிட்டால் சட்டம் இருக்கிறது. பெண்ணின் மானத்தைக் கெடுக்கும் நோக்கத்தோடு பேசுவதும் சைகை காட்டுவதும் தண்டனைச் சட்டத்தின் 509ஆவது பிரிவில் குற்றம். 5 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். 2022இல் பாலியல் தொல்லைக்கு எதிராகத் தனிச் சட்டமே வந்தது. அதன் கீழ் இயங்கும் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் வைக்காமல் நாமே புகார் கொடுக்கலாம். இழப்பீடாக 250,000 ரிங்கிட் வரை கொடுக்கச் சொல்ல அதற்கு அதிகாரம் உண்டு. "யாருக்குக் காட்ட" என்ற வகைப் பேச்சுக்கு வயது வரம்பு கிடையாது. அறுபது வயதுப் பெண்ணிடம் சொன்னாலும் அது தொல்லைதான். எங்கே ஆரம்பிப்பது என்று புரியாவிட்டால் 15999, அரசாங்க உதவித் தொலைபேசியான தாலியான் காசே எண். அங்கே கேட்டால் வழி சொல்வார்கள்.

மகனோடு பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. வெளியாள் வாயை மூடச் சட்டம் உதவும். பெற்ற பிள்ளையிடம் அது செல்லாது. அவர் கெட்டவர் இல்லை. "அம்மா மேல மரியாதை இருக்குக்கா, அதனாலதான் கோவம் வருது" என்றார். வேலையிடத்தில் கூட்டாளிகள் அந்தப் படத்தைக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். அவருக்குப் பட்ட அவமானம் நிஜம். இப்படிப்பட்ட நேரத்தில் சட்டையின் நீளம் பற்றி வாதாடிப் பயனில்லை. உடுப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் கலாச்சாரம் என்பார், நாம் உரிமை என்போம், விடிய விடிய ஓடும். நான் கேட்டது ஒன்றுதான். "தப்புப் பண்ணவன் படம் எடுத்தவன். நீங்க யாரைத் திட்டினீங்க?" அவர் அதுவரை அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. திட்டெல்லாம் அம்மாவுக்குத்தான்.

அவரை உண்மையில் அசைத்தது அக்காதான். கிளினிக் புத்தகத்தை எடுத்து முன்னால் வைத்தார். பிறகு, "உன்னை இடுப்புல வச்சுக்கிட்டு லயத்துக் குழாயில கைலியோட குளிச்சேன். ஊரே பார்த்துச்சு. அப்ப உனக்கு வெக்கமா இல்ல. இப்ப நான் மூச்சு வாங்க நடந்தா வெக்கமா இருக்கா?" என்றார். மகன் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அவருக்கு அந்தச் சிலுவார் பிடிக்காது. அதை மறைப்பதும் இல்லை. ஆனால் தடுப்பதில்லை. குடும்பத்தில் இந்தச் சண்டை வந்தால் நான் எல்லாரிடமும் சொல்வது இதைத்தான்: பிள்ளைகளுக்குப் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், தடுக்காமல் இருந்தால் போதும் என்று கேளுங்கள். பிடிக்க வைக்கப் போராடினால் இரண்டு பக்கமும் களைத்துப்போகும்.

காரணம் சொல்வதைப் பற்றி எனக்கு ஓர் அழுத்தமான கருத்து உண்டு. கையில்லாமல் தைக்கச் சொல்பவர்களில் பலர் உடனே ஒரு நோயைச் சொல்வார்கள். சொல்வதெல்லாம் உண்மையாகவும் இருக்கும். மாதவிடாய் நிற்கும் ஐம்பது வயதுவாக்கில் திடீரென்று நெஞ்சிலிருந்து முகம் வரை தீப்பிடித்த மாதிரி சூடு ஏறும். சிலருக்கு அது வருடக்கணக்கில் நீடிக்கும். நாற்பதிலிருந்து அறுபதுக்குள் தோள் இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியாமல் போவது பெண்களுக்கு அதிகம், இனிப்பு நீர் இருந்தால் இன்னும் அதிகம். அவர்களுக்கு இறுக்கமான கைக்குள் கையை நுழைப்பதே சித்திரவதை. மார்புக்கு அடியில் வேர்வை தங்கிச் சிவந்து, எரிந்து, தோல் உரிந்துபோனதைத் தையல்காரியிடம்தான் காட்டுவார்கள், மகளிடம் சொல்ல மாட்டார்கள். நம் ஊர் வெயிலும் சும்மா இல்லை. 35 பாகைக்கு மேல் தொடர்ந்து மூன்று நாள் அடித்தால் வானிலைத் துறை முதல்நிலை எச்சரிக்கை விடுகிறது. வயதாக ஆக உடம்புக்கு அந்தச் சூட்டை இறக்கும் சக்தி குறைந்துவிடும்.

இத்தனை இருந்தும், காரணத்தை முன்னால் வைக்காதீர்கள் என்றுதான் நான் சொல்கிறேன். "டாக்டர் சொன்னாரு" என்றால் உங்களை விட்டுவிடுவார்கள். நாளைக்கு நோய் எதுவும் இல்லாத பக்கத்து வீட்டு அக்கா அதையே போட்டால், "உனக்கு என்ன நோவு?" என்று கேட்பார்கள். உடுப்புக்கு மருத்துவச் சீட்டு கேட்கும் பழக்கத்தை நாமே ஊருக்குக் கற்றுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். பிடித்திருக்கிறது, போட்டேன். அது போதும். நாற்பது வருடம் அடுத்தவருக்குப் பிடித்ததைப் போட்ட உடம்புக்கு இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல உரிமை இருக்கிறது.

அப்படி எந்தக் காரணமும் சொல்லாத ஒரு பாட்டியை எனக்குத் தெரியும். பேரன் கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்க வந்தார். எழுபதை நெருங்குபவர். கடையில் தொங்கிய மாதிரியைக் காட்டி, "இதே மாதிரி பின்கழுத்து இறக்கி, கயிறு வச்சு, குஞ்சம் தொங்கவிட்டுத் தை" என்றார். 9 அங்குல இறக்கம். குரலைத் தாழ்த்தவில்லை. கடையில் நாலு பேர் இருந்தார்கள். அளவு கொடுத்துவிட்டு அவர் வெளியே போனதும் கூட வந்த மகள் திரும்பி வந்து என் காதோரம் சொன்னார்: "அக்கா, அஞ்சு அங்குலம் போதும். கயிறு வேணாம். கேட்டா துணி பத்தலன்னு சொல்லிடுங்க."

தையல் கடை வைத்திருக்கும் எல்லாருக்கும் இது பழக்கமான காட்சி. அம்மா ஓர் அளவு சொல்வார், மகளோ மருமகளோ பின்னால் வந்து வேறு அளவு சொல்வார், காசு கொடுப்பவர் பெரும்பாலும் அந்த இரண்டாவது ஆள். என் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். யார் உடம்பில் நாடா வைத்தேனோ அவர் சொல்லும் அளவுதான் நோட்டில் இருக்கும். மாற்ற வேண்டுமானால் அவரே வந்து சொல்ல வேண்டும். மகளிடம் அதைத்தான் சொன்னேன். கோபித்துக்கொண்டு போனார். பிறகு திரும்பவும் வரத்தான் செய்கிறார்.

கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். பாட்டி முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், முதுகில் சிவப்புக் குஞ்சம். பின்வரிசையில் உச்சுக் கொட்டினார்கள். சொந்தக்கார அம்மா ஒருவர் வந்து, "அண்ணி, முதுகெல்லாம் தெரியுதே, முந்தானையப் போத்திக்குங்களேன்" என்றார். பாட்டி திரும்பக்கூட இல்லை. "என் முதுகு எனக்கே தெரியாதும்மா. பார்க்கப் புடிக்கலன்னா முன்னால வந்து உக்காரு, இடம் இருக்கு" என்றார். அந்த அம்மா நிஜமாகவே முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்.

எல்லாருக்கும் அந்த வாய் வராது. எல்லாரும் சண்டை போட வேண்டியதும் இல்லை. யாராவது ஏதாவது சொன்னால் நான் பழக்கிக் கொடுப்பது சின்னச் சின்னப் பதில்கள். "எனக்கு வசதியா இருக்கு." "உங்களுக்கு என்ன வேணும் இப்ப?" பேச்சை நீட்டாமல் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் கேட்டவர் நீதிபதி ஆகிவிடுவார். தனியாக நடக்கப் போகிறவர்கள் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்காவோடு இப்போது மூன்று பெண்கள் நடக்கிறார்கள். ஒருத்தியைப் பார்த்துச் சொல்கிறவன் நாலு பேரைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்கிறான்.

ஓர் இடத்தின் விதியும் வழிப்போக்கரின் அபிப்பிராயமும் வேறு வேறு என்பதையும் சொல்லிக் கொடுக்கிறேன். கோயிலுக்கு உள்ளே போனால் தோளையும் காலையும் மூடுவது அந்த இடத்துக்கு நாம் கொடுக்கும் மரியாதை. சின்னப் பெண்ணுக்கும் பாட்டிக்கும் ஒரே விதி. பத்துமலையில் 272 படி ஏறுவதற்கு முன்னால் அரைக்கால் உடுப்போடு வரும் பெண்களுக்கு இடுப்பில் கட்டிக்கொள்ளத் துணி கொடுக்கிறார்கள். அரசாங்க அலுவலகங்களில் கையில்லாத சட்டைக்கும் முட்டிக்கு மேல் ஏறும் பாவாடைக்கும் தடை உண்டு. 2015இல் சாலைப் போக்குவரத்துத் துறை அலுவலகம் ஒன்றில் பாவாடையோடு போன பெண்ணுக்குக் கைலி கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னது நாடு முழுக்கச் சர்ச்சையானது. அந்த விதிகள் சரியா என்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் பென்ஷன் விஷயமாகவோ அடையாள அட்டைக்கோ போய் வரிசையில் நின்று திரும்பி வருவது வயதானவர்களுக்கு வீண் அலைச்சல். அதனால் கைப்பையில் ஒரு மெல்லிய சால்வையும் ஒரு கைலியும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். திடலிலும் கடைத்தெருவிலும் பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையிலும் அப்படி எந்த விதியும் கிடையாது. அங்கே சால்வை பையிலேயே இருக்கட்டும்.

விதி காட்டுகிறேன் என்று யாரும் கையை நீட்டவும் முடியாது. சில வருடங்களுக்கு முன் ஒரு தைப்பூசம் நெருங்கியபோது, பத்துமலைக்கு ஒழுங்காக உடுத்தாமல் வரும் பெண்கள் மேல் சாயம் அடிப்போம் என்று முகநூலில் சில இளைஞர்கள் கிளம்பினார்கள். காவல்துறை தலையிட வேண்டிவந்தது. பக்தியின் பெயரைச் சொல்லி ஒரு பெண்ணின் உடம்பில் கைவைக்கத் துணிந்தவர்களை நம் வீட்டுப் பையன்கள்தானே என்று விட்டுவிடக் கூடாது.

இளம்பெண்களுக்கு மட்டும் சுதந்திரமா என்றால் அதுவும் இல்லை. அவர்களிடம் "எல்லாரும் பார்ப்பாங்க, மூடு" என்கிறோம். வயதானவர்களிடம் "உன்னை யாரு பார்க்கப் போறா, மூடு" என்கிறோம். பதினெட்டில் பார்வைக்குப் பயந்து மூடியவள் அறுபதில் பார்வை இல்லை என்பதற்காக மூட வேண்டுமாம். இரண்டிலும் அவளுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

மிகக் கூர்மையான சொல் ஆண்களிடமிருந்து வரவில்லை என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது. அக்காவின் வயதில் இருக்கும் இன்னொரு பெண்தான் கடையில் உட்கார்ந்து அவரை வெகுநேரம் பேசினார். நான் மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், "எங்களையெல்லாம் யாரு விட்டா? கொழுந்தன் வந்தா கதவுக்குப் பின்னால நின்னோம்" என்றார். அவர் திட்டிக்கொண்டிருந்தது யாரை என்று அப்போது புரிந்தது. அப்படிப்பட்டவர்களோடு வாதம் வேண்டாம். என்ன துணி பிடிக்கும், என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். இவர் ஊதா நிறம் என்றார். விதவையான நாளிலிருந்து அந்த நிறத்தைத் தொட்டதே இல்லையாம். முழுக்கையோடுதான் தைத்துக்கொண்டார். அது அவர் இஷ்டம். ஆனால் ஊதாவில்.

தைக்கக் கொடுப்பவர்களுக்கும் தைப்பவர்களுக்கும் சில விஷயங்கள். கையில்லாமல் போடக் கூச்சப்படும் பல பெண்களின் உண்மையான சங்கடம் அக்குள் பக்கம் சதை பிதுங்குவதும் உள்ளாடை தெரிவதும். கைக்குழியை வழக்கத்தைவிட அரை அங்குலம் மேலே ஏற்றி வெட்டினால் இரண்டும் சரியாகும். தோள்பட்டையை ஒடுக்காமல் மூன்று அங்குலமாவது விட வேண்டும், உள்ளாடைப் பட்டை அதற்குள் அடங்கிவிடும். தோள் வலி உள்ளவர்களுக்குப் பின்பக்கக் கொக்கி வைக்கவே கூடாது, முன்பக்கம்தான். கொக்கியைப் பெரிதாக வையுங்கள், விரல் நடுங்குபவர்களுக்கு அதுதான் எளிது. லைனிங்குக்கு வழுவழுப்பான பாலியஸ்டர் வேண்டாம், வேர்வை அப்படியே நிற்கும். மெல்லிய பருத்தி போடுங்கள். புதுப் பருத்தியை வெட்டுவதற்கு முன்னால் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே முட்டி வரைக்கும் இருந்த சிலுவார் மேலே ஏறிவிடும். நடைக்குப் போடும் சிலுவாருக்கு இரண்டு பக்கமும் ஆழமான பை வேண்டும். போனும் வீட்டுச் சாவியும், இனிப்பு நீர்க்காரர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட ஒரு மிட்டாயும் அதில் இருக்க வேண்டும். தொடை உரசும் இடத்தில் தையல் மேடு வராமல் மடித்து அடியுங்கள்.

தீபாவளி நெருங்கும்போது கடையில் கூட்டம் தாங்காது, பெரியவர்களால் நிற்க முடியாது. இரண்டு மாதம் முன்னாலேயே, வார நாளில், காலையில் வாருங்கள். முடிந்தால் தனியாக வாருங்கள். மகளோடு வந்தால் கழுத்து எவ்வளவு என்ற கேள்விக்கு மகள்தான் பதில் சொல்கிறாள்.